போரில் இறந்தவரை எண்ணியவர் யார்?



வரலாற்றுப் பாடநூலில் ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது, அது தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, இரு தரப்புத் தலைவர்களின் பெயர் ஆகியவற்றோடு, இறந்தவர் தொகையும் ஓர் எண்ணாகக் கொடுக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் அதனை மனனம் செய்து தேர்வில் எழுதுவார்கள். நாமும் சரியென்று புள்ளி கொடுத்துவிடுவோம். அந்த எண்ணை எண்ணியவர் யார், எங்கே நின்றுகொண்டு எண்ணினார் என்று வகுப்பில் எவரும் கேட்பதில்லை. இன்றைய பேச்சில் அக்கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம்.

கணக்கில் பெயர் ஏறுவது என்றால் என்ன என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நன்கு தெரியும். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வந்து நின்றவர் பெயர் செக்ரோலில் ஏறும். நிற்காதவர் பெயர் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் அன்று அவர் உழைக்கவில்லை என்பதே கணக்கின் தீர்ப்பு. சாவிலும் இப்படி நடந்ததுண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட இரயில் பாதையில், நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் பதிவில் உண்டு. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகளும் உண்டு. காரணம், முகாமுக்குள்ளேயே கைதிகளின் அதிகாரிகள் மறைவாகப் பட்டியல் எழுதி வைத்தார்கள். அதே பாதையில் விழுந்துபோன மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கும் பிற ஆசியத் தொழிலாளர்களுக்கும் பட்டியல் எழுத அப்படி ஒருவரும் இல்லை. ஆகவேதான் அவர்கள் தொகையைப் பற்றி எழுதும் நூல்களில், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பல்லாயிரம் வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, போர்களை எண்ணிப் பார்க்கப் புறப்பட்டவர்களின் வரலாற்றுக்கு வருவோம்.

இத்துறைக்கு முன்னோடியாக விளங்கியவர்களுள் ஒருவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். 1881இல் பிறந்தவர். ஆயுதம் ஏந்துவதை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரின்போது துப்பாக்கி பிடிக்காமல், பிரான்சு நாட்டில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். தொழிலால் அவர் வானிலை ஆராய்ச்சியாளர். 1920இல் வானிலை அலுவலகம் விமான அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது, தம் ஆராய்ச்சி போருக்குப் பயன்படக்கூடாது என்று வேலையை உதறிவிட்டார். அதன்பின் அவர் போய்ச் சேர்ந்த இடம் இலண்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. இது நம் போன்றோர்க்குக் கொஞ்சம் பெருமையான செய்திதான்.

மழையையும் காற்றையும் அளந்த அதே முறையில் போரையும் அளக்கலாம் என்று ரிச்சர்ட்சன் நினைத்தார். 1820ஆம் ஆண்டு தொடங்கி, உலகில் மனிதச் சாவில் முடிந்த சண்டைகளைத் தேடித் தேடிப் பட்டியலிட்டார். சரியான தொகை கிடைக்காது என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டு, பத்தின் மடங்குகளால் தரம் பிரித்தார். ஒருவர் மட்டும் இறந்த கொலை 0ஆம் தரம். 1,000 பேர் இறந்த சண்டை 3ஆம் தரம். 10,000 பேர் என்றால் 4. 10 இலட்சம் என்றால் 6. இப்படிச் செய்தால் நூறு இருநூறு பிசகினாலும் தரம் பெரிதாக மாறாது. அவர் 1953இல் காலமானார். இந்த ஆராய்ச்சி முழு நூலாக வெளிவந்தது 1960இல்தான்.

அந்தப் பட்டியலில் ஓர் ஓட்டை இருந்தது. பெரிய போர்களை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தார்கள். தனிக் கொலைகளைப் போலீசார் பதிந்து வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில், பத்துப் பேர், ஐம்பது பேர், நூறு பேர் இறந்த மோதல்களுக்கு வேண்டிய விபரம் கிடைக்கவில்லை. போலீசுக்கு அவை மிகப் பெரியவை. வரலாற்றாசிரியருக்கு மிகச் சிறியவை. வளரும் நாடுகளில் நடந்த மோதல்களில் மிகப் பல இந்த நடு இடத்தைச் சேர்ந்தவையே.

ரிச்சர்ட்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் இடையே ஓர் எல்லைதான் உண்டு. ஆனால் அதன் நீளம் ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர் என்றும், மற்றொரு கணக்கில் 1,214 கிலோமீட்டர் என்றும் கொடுக்கப்பட்டிருப்பதை அவர் கண்டார். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. சிறிய அளவுகோலால் வளைவு நெளிவுகளைப் பின்பற்றி அளந்தால் எல்லை நீளும். பெரிய கோலால் அளந்தால் குறுகும். நிலப்படமும் அளவுகோலைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

1963இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜே. டேவிட் சிங்கர் என்ற பேராசிரியர், போர்களின் விபரங்களைத் திரட்டும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மெல்வின் ஸ்மால் என்ற வரலாற்றாசிரியர் அவருடன் சேர்ந்துகொண்டார். 1816 முதல் நடந்த போர்களை அவர்கள் வகைப்படுத்தினார்கள். களத்தில் 1,000 பேராவது இறந்தால்தான் அது போர் என்பது அவர்கள் போட்ட விதி. விதி இல்லாமல் எண்ண முடியாதுதான். ஆனால் குடியேற்ற நாடுகளில் நடந்த போர்களுக்கு அவர்கள் தொடக்கத்தில் வகுத்த விதியைப் பாருங்கள். ஆளும் வல்லரசின் படையினர் எத்தனை பேர் இறந்தனர் என்பதுதான் அங்கே கணக்கு. எதிர்த்து நின்ற உள்நாட்டு மக்கள் பல்லாயிரவர் மடிந்திருந்தாலும், அந்த எல்லையைத் தாண்டியதா இல்லையா என்று பார்க்கும்போது அவர்கள் சேர்க்கப்படவில்லை. பிற்காலத்தில் இவ்விதியை மாற்றினார்கள். அன்றைக்கு அதை வகுத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நாம் கருதவில்லை. வல்லரசுகளின் படைப்பதிவேடுகள் கைக்கெட்டின; மற்றவர்களுக்குப் பதிவேடே இல்லை. பதிவேடு இருக்கும் பக்கமாகவே விதியும் சாய்ந்துவிட்டது.

அடுத்து சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகம். அங்கே 1980களில் பீட்டர் வாலன்ஸ்டீன் தலைமையில் வளர்ந்த திட்டம் 1,000 என்னும் எல்லையை 25க்கு இறக்கியது. ஓர் ஆண்டுக்குள் சண்டையில் 25 பேர் இறந்தால் அது ஆயுத மோதல். நார்வேயின் ஆஸ்லோ நகர அமைதி ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து, 1946 முதலான மோதல்களின் பட்டியலை 2002இல் வெளியிட்டார்கள். எல்லை இறங்கியதும், முன்னே கண்ணில் படாமலிருந்த பல சிறு போர்கள் பட்டியலுக்குள் வந்தன. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே நடந்த போர்களே அவற்றுள் மிகுதி. எனினும் 24 பேர் இறந்த ஆண்டு எப்படியும் வெளியே நின்றுவிடும். தேர்வில் 39 வாங்கியவனுக்கும் 40 வாங்கியவனுக்கும் உள்ள நிலைமைதான்.

இனி நிலப்படத்துக்கு வருவோம். பழைய பட்டியல்கள் நாட்டை ஓர் அலகாகக் கொண்டவை. ஒரு நாட்டில் மோதல் என்றால் அந்நாடு முழுவதற்கும் சிவப்பு வண்ணம் பூசப்படும். காங்கோ போன்ற பெரிய நாட்டில் கிழக்கு எல்லையோரம் எரிந்துகொண்டிருக்கும்போது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் மேற்கே இருக்கும் ஊரும் அதே சிவப்பில் இருக்கும். இந்தக் குறையைப் போக்கவே, ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியே பதியும் முறை வந்தது. கிளியோனா ராலி என்ற ஆராய்ச்சியாளர் தம் குழுவினருடன் உருவாக்கிய தொகுப்பு 2010இல் ஆய்விதழ் ஒன்றில் அறிமுகமாயிற்று. உப்சாலாவினர் 2013இல் ஆப்பிரிக்காவுக்கான சம்பவத் தொகுப்பை அறிமுகம் செய்தனர். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி. நாள், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, மோதிய தரப்புகள், இறந்தவர் எத்தனை, எந்தச் செய்தியிலிருந்து எடுக்கப்பட்டது ஆகியவை அந்த வரியில் இருக்கும். உப்சாலாவினர் இறந்தவர் தொகையாக ஓர் எண்ணை மட்டும் போடாமல், குறைந்த தொகை, மிகுந்த தொகை, நம்பத்தகுந்த தொகை என மூன்றைப் போடுகிறார்கள். நேர்மையான வழக்கம், பாடநூல் எழுதுவோரும் பின்பற்றலாம்.

இவ்வரிகளைக் கணினி நிலப்படத்தில் புள்ளிகளாக இட்டுக் காட்டும். பார்ப்பதற்கு மிகத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவில்தான் ஆபத்தும் இருக்கிறது. இன்ன மாநிலத்தின் வடபகுதியில் ஒரு கிராமம் தாக்கப்பட்டது என்று மட்டும் செய்தி வந்தால், புள்ளியை எங்கே வைப்பது? பெரும்பாலும் மாநிலத் தலைநகரிலோ வட்டாரத்தின் நடுவிலோ வைத்துவிட்டு, இடம் உறுதியில்லை என்பதற்கு ஒரு குறியெண்ணைப் பக்கத்தில் போடுவார்கள். அட்டவணையைப் படிப்பவர் குறியெண்ணைக் காண்பார். படத்தை மட்டும் பார்ப்பவர், காட்டில் நடந்த கொலையை நகரச் சதுக்கத்தில் நடந்ததாக எண்ணிக்கொள்வார்.

புள்ளியே இல்லாத இடத்தின் செய்தி இதைவிடப் பெரிது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் தங்கள் சொந்தக் குறிப்பேட்டில் பதிந்த சம்பவங்களையும், செய்திகளில் வந்த சம்பவங்களையும் நீல்ஸ் வைட்மன் என்ற ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டார். அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. கைத்தொலைபேசி அலை எட்டும் இடங்களில் நடந்தவை செய்தியாவதற்கு வாய்ப்பு மிகுதி. எட்டாத இடங்களில் நடந்தவை செய்தியாகாமலே போவது அதிகம். அதாவது, செய்தியை நம்பி வரைந்த படத்தில் தொலைபேசிக் கோபுரங்களின் நிழலும் சேர்ந்து விழுகிறது. வெறுமையாகக் கிடக்கும் இடத்தை அமைதியான இடம் என்று வாசித்துவிட்டால், போருதவியும் மருத்துவரும் போகவேண்டிய ஊருக்குப் போகாமல் இருந்துவிட நேரும்.

துப்பாக்கியால் சாகாதவர்களை எப்படிக் கணக்கிடுவது என்ற சிக்கலும் உண்டு. 1998 முதல் 2007 வரை காங்கோவில் போர் காரணமாக 54 இலட்சம் பேர் மிகையாக இறந்தனர் என்று பன்னாட்டு மீட்புக் குழு என்னும் உதவி நிறுவனம் வீடுவீடாக மாதிரிக் கணக்கெடுத்துச் சொன்னது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி ஆகியவற்றால் இறந்தவர்கள். போர் இல்லாதிருந்தால் சாதாரணமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கொண்ட அடிப்படை சரியில்லை என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் மறுத்தார்கள். அது தனிப் பேச்சுக்கு உரிய விஷயம். இங்கே தொட்டுக்காட்டுவதோடு விடுகிறோம்.

இனி ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு சற்று நின்று பார்ப்போம். தென்னமெரிக்காவின் பெரு நாடு. கடற்கரையில் தலைநகர் லீமா. உள்ளே ஆண்டிஸ் மலை. மலையில் குவெச்சுவா மொழி பேசும் குடியானவர்கள். 1980 மே 17ஆம் நாள், மறுநாள் நடக்கவிருந்த பொதுத் தேர்தலுக்கு வந்திருந்த வாக்குப்பெட்டிகளை, அயாகுச்சோ மாநிலத்தின் சூஸ்ச்சி என்ற மலைக்கிராமத்தில் ஒரு கூட்டத்தார் எரித்தனர். 'ஒளிவீசும் பாதை' என்ற மாவோயிச இயக்கத்தின் போர் அங்கே தொடங்கியது. அதன் தலைவர் அபிமயேல் குஸ்மான் அயாகுச்சோப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 1992 செப்டம்பரில் லீமாவில் அவர் பிடிபட்டார். மோதல் ஓயும்போது 2000ஆம் ஆண்டு வந்துவிட்டது.

1983 ஜனவரி 26ஆம் நாள் உச்சுராக்காய் என்ற மலைக்கிராமத்திற்குச் செய்தி சேகரிக்கச் சென்ற செய்தியாளர்கள் எண்மர் கொல்லப்பட்டனர். அவர்களை ஒளிவீசும் பாதைக்காரர்கள் என்று கருதிக் கிராமத்தார் கொன்றதாக, எழுத்தாளர் மாரியோ வர்கஸ் யோசா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு கூறியது. எட்டுப் பேர் பெயரும் நாடெங்கும் தெரிந்தது. உலகப் பத்திரிகைகளும் எழுதின. அதன்பின் அந்தக் கிராமத்துக்கு என்ன ஆயிற்று? ஒளிவீசும் பாதையின் பழிவாங்கலிலும் படையினரின் நடவடிக்கைகளிலும் உச்சுராக்காய் மக்கள் 135 பேர் மாண்டனர். எஞ்சியவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினர். பல ஆண்டுகள் அந்த ஊர் வெறும் இடிசுவராகக் கிடந்தது. எட்டையும் நூற்று முப்பத்தைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊர்தான், முதல் எண்ணை உலகம் அறிந்தது, இரண்டாவது வெளியே வர இருபது ஆண்டுகள் ஆயின.

லீமா மக்களுக்குப் போர் வாசலுக்கு வந்தது 1992 ஜூலையில். வசதி படைத்தவர் வாழும் மிராஃப்ளோரஸ் பகுதியில், தராத்தா தெருவில் வெடித்த வண்டிக்குண்டால் 25 பேர் இறந்தனர். பெருநாட்டார் எவரும் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் மலையிலோ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1983 ஏப்ரலில், லூக்கானமார்க்காவிலும் சுற்றுப்புறத்திலும் ஒரே நாளில் 69 பேரை அதே இயக்கம் வெட்டியும் சுட்டும் கொன்றிருந்தது. படையினர் அழைத்துச் சென்று திரும்பி வராதவர்கள் தனி.

2001இல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், எண்ணும் பணியை மலையிலிருந்து தொடங்கியது. அதன் தலைவர் சலமோன் லெர்னர் என்ற தத்துவப் பேராசிரியர். குவெச்சுவா தெரிந்த பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று ஏறத்தாழ 17,000 வாக்குமூலங்களை எழுதினர். சொன்னவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்; அவர்கள் சொன்னது பெரும்பாலும் கணவன், மகன், உடன்பிறந்தவன் பற்றி. இவற்றையும் வேறு பட்டியல்களையும் ஒப்பிட்டு, பெயர் அறியப்பட்ட இறந்தோரும் காணாமற்போனோரும் 23,969 பேர் என்று கண்டனர். சொல்ல வராதவர்கள், சொல்ல ஆளே மிஞ்சாத குடும்பங்கள் எத்தனை?

இங்கேதான் கணிதம் வருகிறது. ஒரு குளத்தில் எத்தனை மீன் என்று அறிய, குளத்தை இறைக்க வேண்டியதில்லை. முதல் நாள் 100 மீன் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். மறுநாள் பிடித்த 100 மீனில் 20க்கு அடையாளம் இருக்கிறது. அப்படியானால் நாம் அடையாளமிட்டவை குளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் ஏறக்குறைய 500. பட்டியல்களுக்கும் இதே கணக்குத்தான். ஆணையம் எழுதியது ஒன்று. மக்கள் குறைகேள் அதிகாரி அலுவலகம் எழுதியது ஒன்று. மனித உரிமைக் கழகங்களும் பிறரும் எழுதியவை மற்றொன்று. ஒரே பெயர் இரண்டு மூன்றிலும் மீண்டும் மீண்டும் வந்தால், வெளியே நிற்பவர்கள் கொஞ்சம். ஒரு பட்டியலில் உள்ளவர் மற்றதில் அரிதாகவே வந்தால், எதிலும் ஏறாதவர்கள் நிறைய. குவாத்தமாலாவின் உண்மை ஆணையத்திற்கு முன்பு இவ்வகைக் கணக்குப் போட்டுக்கொடுத்த பேட்ரிக் பால் என்ற அமெரிக்கர், தம் குழுவினருடன் பெருவிலும் இதைச் செய்தார்.

சொல்வது எளிது. மீனுக்கு அடையாளம் உண்டு. மனிதனுக்குப் பெயர்தான் அடையாளம். ஆண்டிஸ் மலையில் குவிஸ்பே, மாமானி என்ற குடும்பப் பெயர்கள் எங்கு பார்த்தாலும் உண்டு. நம் பள்ளிப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் மூன்று ராமசாமி இருந்தால் தகப்பன் பெயரைப் பார்த்துப் பிரிப்போம். அங்கே தந்தை குடும்பப் பெயர், தாய் குடும்பப் பெயர், ஊர், நாள் ஆகிய எல்லாம் பார்த்துப் பிரித்தார்கள். குவெச்சுவாப் பெயரை ஸ்பானியக் காதால் கேட்டு எழுதும்போது எழுத்தும் மாறும். இரண்டு வரிகள் ஒரே மனிதனா, இரண்டு மனிதர்களா என்ற கேள்வி ஆயிரக்கணக்கான முறை எழுந்தது. தவிரவும் பயந்தவர் எந்த அலுவலகத்துக்கும் போகமாட்டார். அதற்காகவே நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினார்கள்.

2003 ஆகஸ்டு 28ஆம் நாள் அறிக்கை வெளியாயிற்று. இறந்தவர், காணாமற்போனவர் தொகை 69,280 என மதிப்பிட்டிருந்தது. அதையும் 61,007க்கும் 77,552க்கும் இடைப்பட்டது என்று வரம்பு கட்டியே சொன்னது. அதற்கு முன் நாட்டில் பேசப்பட்ட மிகப் பெரிய தொகையே 35,000 அளவில்தான் இருந்தது. ஆணையத்திடம் தெரிவிக்கப்பட்ட சாவுகளில் 54 விழுக்காட்டுக்கு ஒளிவீசும் பாதையும், ஏறக்குறைய 37 விழுக்காட்டுக்கு அரசுப் படைகளும் அவற்றைச் சார்ந்த குழுக்களும் பொறுப்பு என்றது அறிக்கை. பலியானவர்களுள் நால்வரில் மூவருக்கு குவெச்சுவாவோ வேறு பூர்வகுடி மொழியோ தாய்மொழி. 1993ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அத்தகையோர் நாட்டில் ஆறில் ஒரு பங்கினரே. அயாகுச்சோவில் இறந்த விகிதத்திலேயே நாடு முழுவதும் இறந்திருந்தால், சாவு 12 இலட்சமாகியிருக்கும். லீமாவில் மட்டும் 3,40,000 பேர் மாண்டிருப்பார்கள் என்றும் ஆணையம் கணக்கிட்டுக் காட்டியது. நமக்கு இந்த ஒரு கணக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. லீமாவில் 3,40,000 பேர் இறந்திருந்தால் எண்ணிச் சொல்ல ஓர் ஆணையம் தேவைப்பட்டிருக்குமா? அத்தனை மேற்பட்ட மக்கள் மறைந்துபோனதை நாடு உணராமலே இருந்ததைப் பற்றித்தான் லெர்னரும் அன்று வருந்திப் பேசினார்.

தொகையை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஓய்வுபெற்ற இராணுவத்தினர் சிலர் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டுமே நம்புவோம் என்றனர். 2019இல் சில்வியோ ரென்டோன் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் அதே விபரங்களை வேறு முறையில் கணக்கிட்டு, ஏறத்தாழ 48,000 என்றும், அரசுப் படைகளின் பங்கே பெரிது என்றும் எழுதினார். பாலும் அவர் சகாவும் பதில் எழுதினர். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத பெருந்தொகையினர் அந்த மலையில் இறந்திருக்கிறார்கள் என்பதில் மாற்றமில்லை.

இந்த ஆணையத்துக்கு வெகுகாலம் முன்பே பட்டியல் எழுதியவர்கள் சிலர் உண்டு. 1983 ஜூலையில் அயாகுச்சோவில் படையினர் ஒரு வீட்டில் புகுந்து ஓர் இளைஞனைக் கொண்டுசென்றனர். அவன் தாய் அங்கேலிக்கா மென்டோசா குவெச்சுவா பேசும் பெண். மகனைத் தேடிக் கபித்தோஸ் என்ற படைமுகாமின் வாசலில் நின்றார்; பிணங்கள் வீசப்பட்ட பள்ளங்களில் தேடினார். அங்கே தம்மைப்போலவே தேடிவந்த தாய்மாரைச் சேர்த்து அந்த ஆண்டே ஒரு சங்கம் அமைத்தார். யாருடைய மகன், எந்த ஊர், எந்த நாள் கொண்டுபோனார்கள் என்று அவர்கள் சேர்த்து வைத்த விபரம் பின்னர் விசாரணைகளுக்கு உதவிற்று. 2005இல் பாதிக்கப்பட்டோருக்கான பொதுப் பதிவேடு ஒன்றை அமைக்க அரசு சட்டம் செய்தது. காணாமற்போனோரைத் தேடுவதற்கென்று 2016இல் தனிச் சட்டம் வந்தது. அதற்கான பதிவேட்டில் 20,000க்கு மேற்பட்ட பெயர்கள் ஏறின. கபித்தோஸ் முகாமை ஒட்டிய லா ஒயாடா என்ற வெளியில் தடயவியலார் தோண்டி, நூற்றுக்கு மேற்பட்டோரின் எச்சங்களை எடுத்தனர்.

2017 ஆகஸ்டில் அம்முகாமில் நடந்த கொடுமைகளுக்காக முன்னாள் இராணுவ அதிகாரிகள் இருவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. தீர்ப்பைக் கேட்க அங்கேலிக்கா மென்டோசா உயிரோடு இருந்தார். சில நாள் கழித்து, ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் காலமானார். மகனுடைய உடல் அவருக்குக் கிடைக்கவில்லை.